ஆறு கிலோ ஏறினால் உதவி!

1617-ம் வருடம். மாண்டு கோட்டைத் தோட்டம். ஒரு பிரமாண்டமான தங்கத் தராசு தொங்குகிறது. ஓரமெல்லாம் மாணிக்கமும் டர்க்காய்ஸ் கற்களும். இங்கிலாந்து மன்னரின் தூதராக வந்திருக்கும் சர் தாமஸ் ரோ காத்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்குப் பேரரசர் ஜஹாங்கீருக்குப் பிறந்தநாள்!

உடம்பு முழுக்க நகைகள் ஜொலிக்க வருகிறார் ஜஹாங்கீர். பெண்கள் உட்காருவதுபோல ஒரு தட்டில் சம்மணமிட்டு அமர்கிறார். எதிர்த் தட்டில் மூட்டை மூட்டையாக வெள்ளி, அப்புறம் தங்கம், அப்புறம் துணிமணி, தானியம்... மாற்றி மாற்றி எடை போடுகிறார்கள். எல்லாம் ஏழைகளுக்கு தானம் என்கிறார்கள். ரோவுக்கு ஒரே ஒரு சந்தேகம். 'மூட்டையைப் பிரித்துக் காட்டவே இல்லையே... உள்ளே கூழாங்கல் இருந்தாலும் யாருக்குத் தெரியும்?' என்கிற ரீதியில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். குசும்புக்கார மனுஷர்!

நமக்கு இது புதுசு அல்ல. 'துலாபாரம்' என்று நம் கோயில்களில் இன்றைக்கும் நடப்பதுதான். 1946-ல் பம்பாயில் ஆகா கானை வைரங்களால் எடை போட்டபோது அவருடைய எடை சுமார் 110 கிலோ. அத்தனை எடைக்கும் ஈடான பணம் சமூக நலத்துக்குப் போனது. ஆக, பெரிய மனிதர் எவ்வளவு குண்டாக இருக்கிறாரோ, ஏழைக்கு அவ்வளவு லாபம். டாக்டர்கள் மட்டும்தான் கவலைப்பட்டிருப்பார்கள்!

ராஜாவைத் தராசில் உட்கார வைத்தால் தானம். சரி, ஏழையைத் தராசில் உட்கார வைத்தால்? அப்போது கதையே வேறு. 'இவருக்கு அரசாங்கப் பணத்தில் உதவி செய்யலாமா, வேண்டாமா?' என்று தராசு தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடும். அந்தக் கதைதான் இந்த வாரம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் லோக்கல் டிரெயினில் ஏறுங்கள். திருவள்ளூர், கடம்பத்தூர் தாண்டினால் மணவூர் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அதற்கப்புறம் திருவாலங்காடு. வடக்கே திருத்தணி மலை. அதையும் தாண்டினால் ஆந்திரா. 1960 வரை திருத்தணியே ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி மீட்ட மண்.

மணவூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் இந்தத் தண்டவாளப் பாதை சாமானியப்பட்டது அல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை! 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை புகை விட்டுக்கொண்டு ரயில் போன வழி இது. இருபது வருடம் கழித்து இதே பாதையில் மூட்டை மூட்டையாகத் தானியம் போனது. பாதையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். தாது வருடப் பஞ்சம். தானியம் இருந்தது, வாங்கத்தான் கையில் காசு இல்லை.

1877 ஜனவரி. வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை வந்து இறங்கினார். இவர் மூன்று வருடங்களுக்கு முன்னால் பீகார் பஞ்சத்தின்போது தாராளமாகச் செலவு செய்து ஜனங்களைக் காப்பாற்றியவர். அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை... 'ஊதாரி' என்று திட்டு விழுந்தது! சூடு பட்ட பூனை, இந்த முறை கைப்பிடியை இறுக்கிவிட்டது. 'நிவாரண வேலை செய்கிற ஆண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், மேற்கொண்டு கொஞ்சம் சில்லறை, போதும்!' என்று உத்தரவு போட்டார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அதுவும் கல் உடைத்து, மண் சுமக்கிறவனுக்கு.

சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் கொதித்துப் போனார். 'ஒன்றரைப் பவுண்டாவது இல்லாமல் வேலை செய்கிற உடம்பு தாங்காது' என்பது அவர் கட்சி. ஒருவர் கஜானாவைப் பார்த்தார். இன்னொருவர் விலா எலும்பைப் பார்த்தார். சில மாதங்கள் மல்லுக்கட்டிய பிறகு கூலி உயர்ந்தது. அதற்குள் முகாம்களில் போன உயிர்கள் போனதுதான்.

இந்தச் சண்டையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'உதவி கேட்கிறவன் நிஜமாகவே கஷ்டப்படுகிறானா, இல்லை சோம்பேறியா?' என்கிற சந்தேகம்தான் எல்லாச் சட்டங்களுக்கும் அடியில் ஓடியது. கும்பி காய்ந்தவனும் தன் தகுதியை நிரூபித்தாக வேண்டும்! இந்தச் சந்தேகத்தை மறந்துவிடாதீர்கள். கடைசியில் வேறு வேஷத்தில் திரும்ப வரும்.

நாற்பது வருடம் தள்ளி, 1920. சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சித் தலைவர் பி.தியாகராய செட்டியார் ஒரு யோசனை சொல்கிறார். ஆயிரம் விளக்கு பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் டிபன் கொடுக்கலாம்; ஆளுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அங்கே போட்ட விதை, 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமாக மாநிலம் முழுக்கப் படர்ந்தது.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத கதை ஒன்று இருக்கிறது. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் தராசில் வைப்பார்கள். எடையை ஒரு அட்டையில் புள்ளியாகக் குறிப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு மேலே ஏறினால் சந்தோஷம், வீட்டுக்குப் போகலாம். கோடு படுத்துவிட்டாலோ, இறங்கினாலோ, அந்தக் குழந்தைக்கு மட்டும் சத்து உருண்டை. தொண்ணூறு நாள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள்.

அதாவது உணவு இங்கே மருந்து மாதிரி. காய்ச்சல் இருக்கிறவனுக்குத்தானே மாத்திரை? யோசித்துப் பார்த்தால் அறிவார்ந்த ஏற்பாடுதான். பணம் மிச்சம்; உண்மையிலேயே நலிந்த குழந்தைக்குப் போய்ச் சேரும். கடும் ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது என்று உலகம் முழுக்க நிபுணர்கள் இந்தத் திட்டத்தைப் பாடமாக வைத்துப் படித்தார்கள்.

ஆனால், அந்தத் தாயின் இடத்தில் நின்று பாருங்கள். மூத்தவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு ஒரு வயது. சின்னவளுக்கு உருண்டை உண்டு, மூத்தவனுக்கு இல்லை. 'ஏம்மா, இவனும் பிள்ளைதானே?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? 'இவன் எடை சரியாக இருக்கிறது' என்றால், ஒழுங்காக வளர்ந்ததற்குத் தண்டனையா என்று தோன்றாதா?

இரண்டே வருடத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பதில் வந்தது. 1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சின்ன வயதில் பசி என்றால் என்னவென்று அனுபவித்த மனிதர் அவர். தராசே கிடையாது! வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் சாப்பாடு. ஒல்லியா, குண்டா என்று யாரும் கேட்கவில்லை. 'இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?' என்று கையைப் பிசைந்தவர்கள் ஏராளம். திட்டம் நின்றது. 2022-ல் காலை உணவும் சேர்ந்துகொண்டது.

ஒரே மாநிலத்தில், ஒரே காலகட்டத்தில், இரண்டு தத்துவங்கள். ஒன்று 'எடை பார்த்துக் கொடு.' இன்னொன்று 'எல்லோருக்கும் கொடு.' தமிழ்நாடு மொத்தத்தில் இரண்டாவது பக்கம்தான் சாய்ந்தது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு என்று பிரித்தபோதும், இங்கே எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டோம். அரிசி கார்டு, சர்க்கரை கார்டு என்று நிறம்தான் மாறியதே தவிர, கதவு யாருக்கும் சாத்தப்படவில்லை.

அப்புறம்தான் தராசு முள் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது!

தேசிய குடும்ப நல ஆய்வு என்று ஒன்று சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும். 2015-16 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் அதிக எடை. 2019-21 ஆய்வில் அது 40.4 சதவிகிதம். ஆண்களில் 37 சதவிகிதம். இன்னொரு பக்கம் 12.6 சதவிகிதப் பெண்கள் இருக்க வேண்டியதைவிட ஒல்லி. ஒரே தெருவில் இரண்டும். சில நேரம் ஒரே வீட்டில் இரண்டும்.

சாப்பிட வழியில்லாதவனுக்கு அரசாங்கம் உதவியது. சரி. சாப்பிட்டு எடை கூடி, அதனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி என்று அவதிப்படுகிறவனுக்குப் பொதுப் பணத்தில் உதவலாமா? யாருக்கு? எத்தனை கிலோவுக்கு மேல்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகம் கையில் எடுத்துக்கொண்ட அளவுகோலின் பெயர் பி.எம்.ஐ. உங்கள் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, ஒரு வானியல்காரர்! பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லெ. 1830-களில் நட்சத்திரங்களைப் பார்த்து அலுத்தோ என்னவோ, மனிதர்களை அளக்க ஆரம்பித்தார். 'சராசரி மனிதன்' என்பவன் எப்படி இருப்பான் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் ஆசை. யார் குண்டு என்று சொல்வது அவர் நோக்கமே இல்லை.

1972-ல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் இந்தக் கணக்கைத் தூசி தட்டி எடுத்து, பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார். அதில் இந்தியர் யாரும் இல்லை. பெண் ஒருத்திகூட இல்லை. அத்தனையும் ஆண்கள்!

எண்ணில் கோடு போடுவது எவ்வளவு வேடிக்கை என்பதற்கு 1998-ல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவரை ஆண்களுக்கு 27.8-க்கு மேல் போனால்தான் அதிக எடை. அந்த வருடம் கோட்டை 25-க்கு இறக்கினார்கள். ராத்திரி 'நார்மல்' ஆகப் படுத்த இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள், ஒரு கிராம்கூட ஏறாமல், காலையில் குண்டர்களாக எழுந்தார்கள்!

நமக்கு அந்த 25-ம் சரிப்படாது என்பது அப்புறம் தெரிந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யட்கினும் நண்பர்கள். 2004-ல் 'லான்செட்' இதழில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோ வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. இருவருமே ஒல்லி என்றுதான் சொல்லுவீர்கள். ஆனால், உடம்பில் உள்ள கொழுப்பு? யட்கினுக்கு 9.1 சதவிகிதம். யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதுதான் நம் உடம்பு.

இது பிறக்கும்போதே வருகிறது என்கிறது யாஜ்னிக் குழுவின் ஆய்வு. புனே பக்கத்துக் கிராமக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, உறுப்புகள் சிறிசு. கொழுப்பை மட்டும் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஹாலந்தில் 1944-45 பஞ்சத்தின்போது கருவில் முதல் பாதியைக் கழித்த ஆண் குழந்தைகள் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, அவர்களில் உடல் பருமன் அதிகமாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பட்டினி கிடந்த வயிற்றுப் பிள்ளை, பிற்பாடு குண்டாகிறது. ஒல்லியும் குண்டும் எதிரெதிர் வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே வியாதியின் இரண்டு முகங்களாகவும் இருக்கலாம்!

இந்த மாதிரி விஷயங்களையெல்லாம் பார்த்துத்தான், இந்திய நிபுணர்கள் 2009-ல் வெளியிட்ட அறிக்கையில் நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று கோட்டை இறக்கினார்கள்.

சரி, இப்போது ஒரு கணக்கு போடுவோம். மணவூரில் ஒரு பெண்மணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான். உயரம் 152 சென்டிமீட்டர். எடை 75 கிலோ. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை வியாதி. காலையில் லோக்கல் பிடித்து திருவள்ளூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். பி.எம்.ஐ. 32.5-ஐ ஒட்டி வருகிறது. இந்திய அளவுகோல்படி இவருக்கு உடல் பருமன் - 58 கிலோவைத் தாண்டியபோதே வந்துவிட்டது.

டாக்டர் எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார். மெடிக்கல் பாலிசி இருக்கிறதே, அதில் கிடைக்குமா? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு வாசகம் வகுத்துக் கொடுத்தது. எதற்கெல்லாம் பணம் கிடையாது என்கிற பட்டியல் அது. ஆறாவது அயிட்டம், உடல் பருமன் சிகிச்சை. அதற்குப் பின்னாலேயே அழகுக்காகச் செய்துகொள்ளும் சர்ஜரி, சாகச விளையாட்டில் அடிபடுவது எல்லாம் வருகிறது. பக்கத்து இருக்கைக்காரர்களைப் பார்த்தாலே நம்மை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது!

விதிவிலக்கு உண்டு. பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டால் கிடைக்கும். இல்லாவிட்டால் 35-ஐத் தொட்டு, கூடவே கட்டுப்படாத சர்க்கரையோ, இதய நோயோ, தூக்கத்தில் மூச்சு அடைப்போ இருக்க வேண்டும். ஆபரேஷன் இல்லாமல் எடை குறைக்க முயன்று தோற்றிருக்கவும் வேண்டும்.

நம் பெண்மணிக்கு 35 என்பது 81 கிலோ. இருப்பது 75. அதாவது, எடை குறைக்க உதவி வேண்டுமென்றால் முதலில் ஆறு கிலோ ஏற வேண்டும்!

இந்த 40-ம் 35-ம் எங்கிருந்து வந்தன? 1991-ல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு கூடி வகுத்த எண்கள். வெள்ளைக்கார உடம்பை மனதில் வைத்துப் போட்ட கோடு. அந்த எண்களை 2022-ல் உலக அளவிலான சர்ஜன்கள் சங்கமே மாற்றிவிட்டது. ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறார்கள். நம் பெண்மணிக்கு அது 63.5 கிலோ.

இதே பெண்மணி லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தால்? அங்கே அரசாங்க மருத்துவம்தான். கோடு அங்கேயும் கறாரானது. 2025 ஜூனில் டிர்செபடைட் என்கிற எடைக் குறைப்பு ஊசியை அரசாங்கச் செலவில் பொது டாக்டர்கள் மூலம் கொடுக்க ஆரம்பித்தபோது, முதல் சுற்றில் 40 பி.எம்.ஐ. இருக்க வேண்டும், ஐந்து வியாதிகளில் நான்காவது இருக்க வேண்டும் என்றார்கள். ஆனால், தெற்காசிய வம்சாவளியா? 2.5 தள்ளுபடி, 37.5 போதும். வெள்ளைக்காரன் ஊரில் நம் உடம்புக்குச் சலுகை உண்டு. நம் ஊர்ப் பாலிசியில் வெள்ளைக்காரன் உடம்புக்கான கோடு. விசித்திரமாக இல்லை?

கோடே கூடாது என்று சொல்லவில்லை. பணம் கொஞ்சம், கேட்பவர்கள் கோடி. ஆபரேஷன் என்பது சத்து உருண்டையும் அல்ல, வேண்டுகிறவருக்கெல்லாம் விநியோகிக்க. யாருக்கு முதலில் என்று வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால், கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் டெம்பிளா, கார்னிஷா என்று தெரிந்துவிடும். 1877-ல் 'சோம்பேறியோ?' என்று கேட்ட அதே குரல்தான், இன்றைக்கு 'வாயைக் கட்டினால் என்ன?' என்று கேட்கிறது.

வாயைக் கட்டச் சொல்வது சுலபம். ரேஷனில் கிடைப்பது அரிசி, சர்க்கரை, பாமாயில். அரிசி இலவசம். அதனால் பட்டினிச் சாவு போனது, மறுக்கவே முடியாது. ஆனால், காய்கறியும் பழமும் மார்க்கெட் விலையில்தான். வயிற்றை நிரப்பும்போது எல்லோருக்கும் கொடுத்த மாநிலம், அதனால் வந்த எடையை இறக்கவும் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டாமா? ஊசியும் கத்தியும் அப்புறம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. 2023-ல் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள். நடக்க எந்தத் தகுதியும் கேட்பதில்லை. நேரமும், பத்திரமான ரோடும் இருந்தால் சரி. பிள்ளையின் எடையைப் புள்ளி வைத்துப் பார்த்த மாதிரி, அம்மாவின் இடுப்பையும் அங்கன்வாடியிலேயே மாதம் ஒருமுறை அளந்து, ஏறும்போதே சொன்னால் என்ன? 81 கிலோ வரை காத்திருக்க வேண்டாமே!

இடுப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பி.எம்.ஐ.யை மட்டும் நம்பாதீர்கள் என்று 2025 ஜனவரியில் 'லான்செட்' அமைத்த நிபுணர் குழுவும் சொல்லிவிட்டது. இடுப்புச் சுற்றளவையும், உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம்.

இதற்குத் தங்கத் தராசு வேண்டாம். வீட்டில் தையல் மெஷின் டிராயரில் ஒரு டேப் கிடக்கும், எடுங்கள். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் - ஏமாற்றக் கூடாது! - சுற்றி அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால், எந்த அரசாங்கமும் எந்தக் கம்பெனியும் உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்காமல், அடுத்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.